இறக்கத்துக்கு ஏற்ற வண்டி

"பழைய மோட்டார் வண்டி ஒன்று வாங்க எண்ணியிருக்கிறோம், நாள்தோறும் ஓட்டுவதற்கு உகந்ததாயும், கைக்கு அடங்கிய விலையிலும் இருக்க வேண்டும். எது நல்லது?" என்று எம்மை வினவும் அன்பர்கள் பலர். அட்டனிலிருந்து தோட்டப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியையும், தலவாக்கலையில் கடை வைத்திருப்பவரும், கொழும்பில் உழைத்து ஊரிலுள்ள தகப்பனாருக்குப் பணம் அனுப்பும் மகனும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றனர்.

இக்கேள்வி எழுந்திருப்பதே மகிழ்ச்சிக்குரியது. ஒரு காலத்தில் தோட்டத்துப் பாதையில் மோட்டார் வண்டியின் ஓசை கேட்டால் அது துரையின் வண்டி என்பதில் ஐயமில்லை. கொழுந்துக் கூடையுடன் நடந்தவர்கள் பாதையோரக் கானில் இறங்கி நின்று அதற்கு வழிவிட்டனர். அவ்வாறு ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமக்கென ஒரு வண்டியைப் பற்றி எண்ணுகின்றனர். ஆயினும், ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறும் விடயம் இது. ஆகவே சற்று ஆறவமர யோசித்தல் நலம்.

கேட்பவர்கள் எதிர்பார்ப்பது ஒரு வண்டியின் பெயரை. நாமோ அவர்களிடம் வேறொரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறோம்: "அந்த வண்டி எங்கே ஓடப்போகிறது?" கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஓடும் வண்டிக்குச் சமதரையே உலகம். மலைநாட்டு வண்டிக்கு அப்படியன்று. வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டவுடனே ஏற்றமோ இறக்கமோ தொடங்கிவிடுகிறது. இவ்விரண்டில் ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகின்றனர். "ஐந்து பேருடன் ஏறுமா?" என்பதே விற்பவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி. நுவரெலியாவில் 1930-களில் தொடங்கிய மஹாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி ஏறும் வேகத்துக்குப் பரிசளிப்பது. இறங்கும் திறமைக்குப் பரிசு கொடுப்பார் எவருமில்லை.

ஏற்றத்தில் ஒரு வண்டி தோற்றால் அது நின்றுவிடும். பிள்ளைகள் இறங்கித் தள்ளுவார்கள்; பள்ளிக்குச் சற்றுத் தாமதமாகும்; அவ்வளவே. இறக்கத்தில் தோற்கும் வண்டி நிற்பதில்லை. 2023 ஜனவரி 20ஆந் திகதி நானுஓயாவை அடுத்த ராதல்லை இறக்கத்தில், கல்விச் சுற்றுலா வந்த மாணவர்களின் பஸ் வண்டியொன்று ஒரு வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தனர். அச்செய்தியை மலைநாட்டில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆதலால் நாம் சொல்வது இதுதான்: மலையில் வண்டி வாங்குபவர் அதன் ஏறும் வலிமையைப் பின்னர் பார்க்கட்டும், முதலில் அது இறங்கும் விதத்தைப் பார்க்கட்டும்.

இறக்கம் என்பது பிரேக்குக்கு எத்தகைய சோதனை என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்குச் செல்பவர் 1000 மீற்றருக்கும் மேலாகக் கீழிறங்குகிறார். சிறிய வண்டி, அதில் நால்வர், அவர்களின் மூட்டை முடிச்சுகள் ஆகிய யாவும் சேர்ந்து 1000 கிலோகிராம் என்று கொள்வோம். இப்பாரம் 1000 மீற்றர் தாழும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய 30 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கோவிலில் பொங்கல் வைக்கும் பெரிய அண்டா ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். காற்றும் சக்கரங்களும் இவ்வெப்பத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது முழுவதையும் பிரேக்கின் தலையிலேயே சுமத்தினால் அது என்ன பாடுபடும்?

பிரேக் கட்டைகள் அளவுக்கு மீறிச் சூடானால் பிடி தளர்கிறது. அதனிலும் கொடியது பிரேக் எண்ணெய் கொதிப்பது. இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்னும் தர எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரையேனும் கொதியாமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அதற்கு விதித்த எல்லை 140 பாகையே. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். அப்போது சாரதி மிதிக்கும் மிதி பஞ்சில் மிதித்தாற்போல் அடிவரை சென்றுவிடும். மழையும் பனியும் நீங்காத எமது மலைகளில் பல ஆண்டுகள் மாற்றப்படாத பிரேக் எண்ணெயின் நிலை எப்படியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இங்குதான் கையால் மாற்றும் கியரின் அருமை விளங்குகிறது. வேக மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு இரண்டாம் கியரில் இறங்கும்போது, சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. அந்த எதிர்ப்பே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்குக்குப் போகவேண்டிய வெப்பத்தில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்று வெளியே தள்ளிவிடுகிறது. "எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு" என்பது பழைய சாரதிகள் தம் சீடர்களுக்குச் சொல்லும் விதி. கியரே மலையின் முதற் பிரேக். காலால் மிதிப்பது இரண்டாவது.

இதற்கு நேர்மாறாக, பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விடும் வழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. 2022 ஜூன் மாதத்தில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவை எட்டியது. அடுத்து வந்த கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். சிக்கனத்தின் அவசியத்தை எவரும் எமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மையென்ன? மின்கருவி மூலம் எரிபொருளைச் செலுத்தும் இக்கால வண்டிகளில், கியரில் இறங்கும்போது எரிபொருள் வரத்து அனேகமாக முற்றாகவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் அணையாமலிருக்கப் பெற்றோல் எரிந்துகொண்டே இருக்கும். சிக்கனம் என்று எண்ணியது செலவாக முடிகிறது, பாதுகாப்பும் பறிபோகிறது. எஞ்சினையே அணைத்து இறங்குவது இன்னும் ஆபத்து. பிரேக்குக்கு உதவும் விசை இரண்டு மூன்று மிதிப்பில் தீர்ந்துபோகும். திறப்பை இழுத்துவிட்டால் சுக்கானும் பூட்டிக்கொள்ளக்கூடும்.

தானியங்கிக் கியர் வண்டி மலைக்கு ஆகாது என்று நாம் சொல்ல வரவில்லை. அவற்றிலும் இறக்கத்துக்கென்று ஒரு தாழ்நிலை அமைந்திருக்கிறது. அதை அறிந்து பயன்படுத்துபவருக்குக் குறைவில்லை. ஆனால் பழைய வண்டியாக வாங்கும்போது நிலைமை வேறு. தேய்ந்த கிளச் தட்டை அட்டனிலோ நாவலப்பிட்டியிலோ உள்ள எந்தக் கராஜிலும் மாற்றிவிடலாம். பழுதான தானியங்கிக் கியர்ப்பெட்டிக்கும், ஹைபிரிட் வண்டியின் பெரிய பற்றரிக்கும் அவ்வளவு இலகுவான பரிகாரமில்லை. வண்டியின் பெறுமதியில் ஒரு நல்ல பங்கையே அவை விழுங்கிவிடலாம். அன்றியும், குளிர்காலை ஒன்றில் பற்றரி உறங்கிவிட்டால், சாதாரண கியர் வண்டியை வாசற் சரிவிலேயே உருட்டி உயிர்ப்பித்துவிடலாம்.

சந்தை நிலைமையையும் மனத்தில் கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில், நாட்டில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. விலை ஏறியது, வண்டிகளின் தேய்மானமும் ஏறியது. "வாங்கிய விலைக்கே விற்றுவிடலாம்" என்ற நம்பிக்கை அக்காலத்தில் வேரூன்றியது. இறக்குமதி திறந்த பின்னர் அதனை நம்பி வாங்குவது அறிவுடைமையாகாது. வண்டி ஒரு முதலீடு அன்று. அது ஒரு கருவி.

பெயர்களைக் கேட்பவர்களுக்காக இரண்டு வகைகளைச் சொல்கிறோம். ஒன்று, இந்தியாவிலிருந்து வந்த சிறு வண்டிகள். 1983 முதல் 2014 வரை செய்யப்பட்ட மாருதி 800-உம் அதன் தம்பியான அல்ட்டோவும் இவ்வகை. 796 கன சென்ரிமீற்றர் கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சின். குறைந்த எரிபொருட் செலவு. எங்கும் கிடைக்கும் உதிரிப்பாகங்கள். ஒடுங்கிய தோட்டப் பாதையில் எதிரே லொறி வந்தாலும் ஒதுங்கக்கூடிய உடல். குறை, பாரம் ஏறினால் ஏற்றத்தில் முக்கும். மற்றொன்று, நிசான் சன்னி, டொயோட்டா கொரொல்லா, மிட்சுபிசி லான்சர் போன்ற பழைய ஜப்பானிய வண்டிகள். வலிமையும் இடவசதியும் உண்டு, வயதும் உண்டு. 1948-இல் பிறந்த மொரிஸ் மைனர் இன்றும் எமது வீதிகளில் ஓடக் காண்கிறோம் என்றால் அது பேணியவரின் புகழ். ஆகையால் பேணப்பட்ட எளிய வண்டி, பேணப்படாத சிறந்த வண்டியிலும் மேலானது.

இனி, பார்க்கும் முறை. மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், சிறிது தூரம் நடத்தியும் பார்ப்பார். வண்டிக்கும் அதுவே முறை.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செல்லுங்கள். முன்மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்னரே இயக்கப்பட்டிருக்கிறது, தொடங்குவதிலுள்ள சிரமம் மறைக்கப்படலாம் என்று அறிக. நம்பிக்கையான ஒரு மெக்கானிக் பாஸை உடனழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது. விற்பவரின் உறவினராக அவர் இருத்தலாகாது.

சமதரையில் முதலிற் பிரேக்கைச் சோதியுங்கள். எஞ்சின் ஓடும்போது மிதியை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே போகுமாயின் எங்கோ கசிவு உண்டு. அவ்வண்டியை மலைக்கு ஓட்டிச் செல்ல வேண்டாம். அடுத்து, கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து, உயர்ந்த கியரில் போட்டுக் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தால் கிளச் வழுக்குகிறது.

இவை தேறிய பின்னரே இறக்கம். விற்பவர் தம் வீட்டுத் தெருவையே சுற்றிக் காட்டுவார். நீங்கள் ஒரு நல்ல இறக்கத்துக்குப் போகச் சொல்லுங்கள். இரண்டாம், மூன்றாம் கியர்களில் காலை எடுத்துவிட்டு இறங்கும்போது கியர்த்தடி தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறதா என்று பாருங்கள். அப்படி நழுவும் வண்டி எவ்வளவு மலிவாயினும் மலைநாட்டுக்கு உதவாது. முதற் பிரேக்கை இழந்த வண்டி அது. நீண்ட இறக்கத்தின் முடிவில் வேக மிதியை அழுத்திவிட்டுக் கண்ணாடியிற் பின்னே நோக்குங்கள். நீலப்புகை எழுந்தால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. திரும்பி வரும்போது செங்குத்தான ஓரிடத்தில் நிறுத்திக் கைப்பிரேக் மட்டும் வண்டியைத் தாங்குகிறதா என்றும் பாருங்கள்.

மலையின் மெல்லிய காற்று இன்னொரு சோதனை. உயரம் ஏற ஏற எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றுக் குறைகிறது. ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று வீதம் வலிமை குறையும் என்பது பழகிய கணக்கு. ஆகவே கொழும்பில் துள்ளி ஓடிய வண்டி நுவரெலியாவில் தன் வலிமையில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கை இழந்துவிடும். கொழும்பில் சீர்செய்யப்பட்ட பழைய காபரேற்றர் வண்டியானால், இங்கே கரும்புகை கக்கிக்கொண்டு பெற்றோலை அதிகமாகக் குடிக்கும். அதனை இவ்விடத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

நுவரெலியாவில் பருப்பு வேகத் தாமதமாகிறது என்பது இல்லத்தரசிகள் அறிந்ததே. அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. ரேடியேற்றரிலுள்ள நீருக்கும் அதுவே விதி. அதன் மூடி இறுக்கமாக அழுத்தத்தைத் தாங்கினால்தான் நீர் கொதியாமல் நிற்கும். மூடியின் இரப்பர் வெடித்திருக்கிறதா, நீர் துருநிறமாக இருக்கிறதா என்று எஞ்சின் ஆறிய பின்னர் திறந்து பாருங்கள். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற படிவு கண்டால் உடனே அஞ்ச வேண்டாம். குளிர்பிரதேசத்தில் சிறுதூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்து அவ்வாறாவதுண்டு. ரேடியேற்றர் நீரிலும் எண்ணெய் மிதந்தால் அதுவே விலகிச் செல்லவேண்டிய அறிகுறி.

"குளிர் நாட்டில் குளிரூட்டி எதற்கு?" என்று கேட்பார்கள். மூடுபனியில், உள்ளே ஐவர் மூச்சுவிடும்போது முன்கண்ணாடி மங்கிப்போகும். குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தை நீக்கிக் கண்ணாடியைத் தெளியவைக்கும். எனவே அது ஆடம்பரமன்று. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்பது பொருள். பார்வைக்குப் புதிதாயிருந்தும் வயது முதிர்ந்த டயர் ஈரப் பாதையில் நம்பத்தக்கதன்று. காற்தரை விரிப்பைத் தூக்கித் துருவையும் ஈரத்தையும் பாருங்கள்.

வண்டியைப் போலவே கடதாசிகளும் முக்கியம். பதிவுப் புத்தகத்திலுள்ள சசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியிலுள்ளவற்றுடன் ஒத்திருக்க வேண்டும். பதிவில் லீசிங் நிறுவனத்தின் பெயர் நின்றால், கடன் தீர்ந்து அப்பெயர் நீங்காமல் முழுப்பணமும் கொடுக்கலாகாது. வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று, காப்புறுதி ஆகியவை நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட கடதாசியுடன் கைமாறிவரும் வண்டிகள் ஏராளம். நாளை ஒரு விபத்து நேர்ந்தால் விற்றவருக்கும் தொல்லை, வாங்கியவருக்கும் தொல்லை. மலிவு என்று அதில் மயங்க வேண்டாம். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமையை உடனே மாற்றிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். கையிலுள்ள முழுத்தொகைக்கும் வண்டி தேடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுவதா? அவ்வொதுக்கிலிருந்து பிரேக் எண்ணெய், பிரேக் கட்டைகள், எஞ்சின் எண்ணெய், ரேடியேற்றர் மூடி, வேண்டுமானால் டயர்கள் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். புதிய வண்டியைக் கோவிலுக்குக் கொண்டுசென்று, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் வழக்கம் எமக்குண்டு. அதனை விட்டுவிட நாம் சொல்லவில்லை. பிரேக் எண்ணெயை மாற்றிய பின்னர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் இறைவன் மகிழ்வார் என்றே எண்ணுகிறோம்.

மாதாந்தத் தவணையைக் கணக்கிடும்போது, அதனுடன் பெற்றோலையும் பழுதுபார்ப்பையும் கூட்டிப் பாருங்கள். அத்தொகை பிள்ளைகளின் படிப்புப் பணத்தைத் தொடுமாயின், இன்னும் ஓராண்டு பஸ்ஸிலே செல்வதில் இழிவொன்றுமில்லை.

கடைசியாக, தோட்டத்துப் பக்கம் வாழ்பவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அங்கே ஒரு வீட்டில் வண்டி வந்தால் அது அந்த வீட்டுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய வண்டி இன்று பேருதவியாக உள்ளது. 2017 மே மாதத்தில் டிக்கோயாவில் 150 படுக்கைகளுடன் புதிய வைத்தியசாலைக் கட்டிடமும் திறக்கப்பட்டது. எனினும் மேல் டிவிஷன் லயத்திலிருந்து கீழே பிரதான வீதிவரை, நள்ளிரவு மழையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கொண்டுசெல்ல வேண்டி வந்தால், அயலவர் வந்து தட்டுவது வண்டியுள்ள வீட்டின் கதவைத்தான். அப்போது எவரும் வண்டியின் பெயரையோ நிறத்தையோ கேட்பதில்லை. அந்தப் பயணம் முழுவதும் இறக்கம். பின்னாசனத்தில் இரண்டு உயிர்கள். வேக மிதியில் கால் இல்லை. கியர் இரண்டில் இருக்கிறது.

அந்த இரவை எண்ணி வண்டியைத் தேர்ந்தெடுங்கள். பகற்பொழுதுகளுக்கு அது தானாகவே போதுமானதாக இருக்கும்.